தாதாவிடம் சொல்லி அனுப்பியது

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, கீழே, சோபாக்காரர்களின் பட்டறை. ஜன்னலை அங்கே வைத்தது நான் இல்லை, வீட்டைக் கட்டியவன். அடுப்படியில் நிற்கிறவள் கண்ணைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவைக்க முடியுமா? பட்டறைக்கு முன்பக்கம் சுவரும் கிடையாது. தகரக் கூரை, மூன்று பக்கம் செங்கல், நான்காவது பக்கம் என் ஜன்னல். அவ்வளவுதான் விஷயம். மற்றபடி தெருவில் என்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் பாதி பொறாமை.

அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவருக்குக் கட்டை வேலை. பழைய சோபாவின் தோலை உரித்து, அடித்திருந்த பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தொங்கிப்போன பட்டையை இழுத்துக் கட்டி, ஸ்பிரிங்கை நிமிர்த்தி, பஞ்சு வைப்பார். சின்னவருக்குத் தையல். உறை வெட்டுவார், மெஷினில் ஓட்டுவார். ஒரே கூரை, ஒரே மின்விசிறி, மத்தியானம் ஒரே தூக்குச் சாப்பாடு. பேச்சு மட்டும் கிடையாது. ஏழு வருஷம்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிதாக ஒன்றுமில்லாததுதான் ஏழு வருஷம் தாங்கும். சின்னவருக்குப் பேசியிருந்த பெண் வீட்டிலிருந்து விசாரிக்க வந்தார்கள். "உங்க தம்பி எப்படிங்க?" என்று கேட்டார்கள். பெரியவருக்குப் பொய் வராது. "தங்கமான பையன். கோவம் மட்டும் கொஞ்சம் வரும். சுத்தியலத் தூக்கி எறிவான், ஆனா ஆள் மேல எறிய மாட்டான்" என்றார். சத்தியமான பேச்சு. அந்தச் சுத்தியல் ஒரு தடவை எங்கள் படிக்கட்டு வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் பெண் வீட்டாரிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவே இல்லை. சின்னவர் அன்றைக்கே மெஷினை இழுத்துத் திருப்பி, சுவரைப் பார்க்க உட்கார்ந்தார். முதுகு அண்ணனுக்கு, முகம் செங்கலுக்கு.

நடுவில் அகப்பட்டவள் பெரியவரின் மனைவி. மருந்துக்கடையில் வேலை. காலையில் அவள் கிளம்பும்வரை இரண்டு பேரும் அவள் மூலமாகப் பேசுவார்கள். "அண்ணி, ரெக்சின் பத்தலன்னு சொல்லிடுங்க." "ஏம்மா, நாலு மணிக்கு வண்டி வரும்னு சொல்லு." அவள் படி இறங்கிய பிறகு எழுத்து. வெட்டுப் பலகையில் தையல் சாக்கட்டியால் ஒருவர் 'ஆணி இல்லை' என்று எழுதுவார், இன்னொருவர் அழித்துவிட்டு 'வாங்கியாச்சு' என்று எழுதுவார். பள்ளிக்கூடம்கூட இத்தனை சாக்கட்டி வாங்கியிருக்காது.

இந்தப் பட்டறைக்குள்தான் தாதா நுழைந்தது.

கடுவன் பூனை. மண்ணில் புரட்டிய கம்பளி மாதிரி ஒரு நிறம், பன் மாதிரி இரண்டு கன்னம், ஒரு காது ஏற்கெனவே பல்லில் அகப்பட்டுக் கிழிந்தது. நடையைப் பார்த்தால் தெருவே அதன் பேரில் பதிவாகியிருக்கிறது என்று தோன்றும். மற்றப் பூனைகளை ஓடஓட விரட்டும். குறுக்கே மனிதர் வந்தால் அவர்களையும். அண்ணியின் கணுக்காலில் ஒரு தடவை, சின்னவரின் முழங்கையில் நாலு கோடு. அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். புது உறை போட்டு நிறுத்திய சோபாவாகப் பார்த்து, வாலைத் தூக்கி, முதுகைக் காட்டி நின்று பீய்ச்சிவிட்டுப் போகும். அந்த நாற்றம் எங்கள் மாடிவரைக்கும் வந்து சோற்றில் உட்காரும். மூன்று சோபா திரும்பி வந்தது. நாலாவதாக ஒரு கல்யாண வீட்டு சோபாவும் திரும்பி வந்த அன்று, சின்னவர் சுத்தியலோடு சந்துமுனைவரை ஓடினார். பூனை மதில் மேல் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. இரண்டுக்கும் ஒரே முகம். கூடப் பிறந்தவை மாதிரி இருந்தது. சொன்னால் அடிப்பார் என்று நான் சொல்லவில்லை.

யோசனை கொடுத்தது மிருக டாக்டரம்மா. அவர் ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு உறை மாற்ற வந்தவர், மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"கடுவனா?"

"தாதா மேடம்," என்றாள் அண்ணி.

"பிடிச்சுக்கிட்டு வாங்க. கருத்தடை பண்ணிடலாம். சண்டையும் குறையும், இந்த நாத்தமும் போகும்."

"கோவமும் போயிடுமா?" என்று கேட்டது பெரியவர். சுவரைப் பார்த்திருந்த மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

கூண்டு டாக்டரம்மா கொடுத்தது. மீன் தலை அண்ணி வாங்கியது. கூண்டைத் தூக்கிப் போனவர் சின்னவர். போகிற வழியெல்லாம் உள்ளேயிருந்து வந்த வசவை நான் எழுத முடியாது, பூனை பாஷை என்றாலும் பொருள் புரிந்தது. மறுநாள் திரும்பி வந்தபோது இடது காதின் நுனியை நேராக வெட்டியிருந்தார்கள். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாம், மறுபடி யாரும் பிடித்துப் போகாமலிருக்க. "ஒரு மாசம் ஆகும் அடங்க," என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். "தினமும் ஒரே நேரத்துல சாப்பாடு வைங்க. முறைச்சுப் பாக்காதீங்க. கைய நீட்டாதீங்க. பக்கத்துல சும்மா இருங்க, போதும்."

சும்மா இருப்பதும் யாரையும் பார்க்காமல் இருப்பதும் அந்தப் பட்டறையில் ஏழு வருஷமாக நடந்துகொண்டிருந்த தொழில். அதனால் சுலபமாக வந்தது.

மத்தியானச் சாப்பாடு சின்னவர் பொறுப்பு. முதல் நாள் தட்டை வாசலுக்கு வெளியே வைத்தார். வைத்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. மறுநாள் நாலு விரற்கடை உள்ளே தள்ளி இன்னொரு கோடு. அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துத் தைப்பார். பூனை பின்னால் வந்து, சீறிவிட்டு, தின்னும். தின்றுவிட்டும் சீறும். நன்றி சொல்கிற முறை அது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். நாற்பது நாளில் தரையில் நாற்பது கோடு. ஏணியைப் படுக்கப்போட்ட மாதிரி வாசலிலிருந்து மெஷின்வரை.

காலையில் தம்பி வருவதற்கு முன் பெரியவர் ரகசியமாக முட்டை மஞ்சள்கரு வைத்தார். இது சின்னவருக்குத் தெரியும். தெரியும் என்பது பெரியவருக்கும் தெரியும். தெரியாத ஆள் தாதா மட்டும்தான். அது இரண்டையும் தின்றது.

ஒருநாள் சின்னவர் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது பூனை வந்து, கிழிந்த காதை அவர் குதிகாலில் தேய்த்தது. கால் நின்றது. ஊசி துணியில் இறங்கியபடியே நின்றது. கால்மணி நேரம் அந்த மனுஷர் அசையவில்லை. அப்புறம் அடித்த தையல் கோணலாகப் போனது. அதைப் பிரிக்காமலே உறை போட்டுக் கொடுத்தார். அந்த சோபாவில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, தெரியாது.

அப்புறம்தான் வெல்வெட் விவகாரம். வெல்வெட்டில் ரோமம் ஒரு பக்கமாகப் படியும். தலைகீழாக வெட்டினால் சோபா பாதி கறுப்பு, பாதி வெளுப்பாகத் தெரியும். சின்னவர் துணியைத் தலைமாற்றிப் போட்டுக் கத்திரியைத் திறந்துவிட்டார். பெரியவர் வாயைத் திறக்கிறார், மூடுகிறார். சாக்கட்டியைத் தேடுகிறார், காணவில்லை. கடைசியில் பட்டைக் கட்டின் மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்து, "டேய் தாதா, வெல்வெட்டத் தலைகீழா வெட்டப் போறாரு பாரு உன் சித்தப்பா," என்றார்.

கத்திரி நின்றது. சின்னவர் துணியைத் தடவிப் பார்த்தார். திருப்பிப் போட்டார். வெட்டி முடித்த பிறகு பூனையிடம் சொன்னார்: "உன் பெரியப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லு."

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அன்றிலிருந்து சாக்கட்டிச் செலவு குறைந்தது. "தாதா, சித்தப்பாகிட்ட கேளு, கைப்பிடிக்கு எத்தன அங்குலம்?" "பதினொண்ணுன்னு சொல்லு பெரியப்பாகிட்ட. ரெண்டு தடவ சொல்லு, காது மந்தம்." "காது மந்தமில்ல, சொல்ற வாய் கோணல்னு சொல்லு." பூனை நடுவில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருக்கும். நான் கவனித்த ஒன்று: பெரியவர் எப்போதும் 'உன் சித்தப்பா' என்பார், அப்படியென்றால் தகப்பன் அவர். சின்னவர் 'உன் பெரியப்பா' என்பார், அப்படியென்றால் தகப்பன் இவர். அந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தாதாவும் ஆள் மாறியது. கன்னம் வற்றியது, வயிறு தொங்கியது. தோல் உரித்துப் போட்ட சோபாக்களுக்குள் புகுந்து பஞ்சில் தூங்கும். ஆரம்பத்தில் துணியைக் கட்டையில் பின் அடிக்கிற துப்பாக்கியின் (கன் என்பார்கள்) 'டக்' ஒன்று கேட்டாலே மதில் தாண்டிப் பறந்த ஜந்து, மூன்றாம் மாதத்தில் காதுக்குப் பக்கத்தில் அடித்தாலும் அந்த வெட்டுக் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தூங்கியது. ஒரு நாளும் மியாவ் என்று கத்தியதில்லை. அது மட்டும் பழைய தாதாவின் கெத்து.

இனி சொல்லப்போவது எனக்கு நல்ல பேர் வாங்கித் தராது.

மளிகைக் கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொன்னேன்: "பிள்ளை இல்லாத வீட்டுல பூனைக்கு ரெண்டு அப்பன்." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அரைமணி நேரத்தில் மருந்துக்கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் அண்ணி மாடியேறி வந்தாள். கையில் மடித்த துணி.

"அக்கா, பட்டறையில மிச்சமான துணி. உங்க ஜன்னல் அளவுக்குத் தச்சிருக்கு."

"எதுக்கும்மா?"

"வெயில் அடிக்குதில்ல. மறைக்கட்டும்."

அந்த ஜன்னலில் வெயில் அடிக்காது. அது வடக்குப் பார்த்த ஜன்னல். அளவு நூல் பிசகாமல் இருந்தது. கீழேயிருந்து கண்ணாலேயே அளந்திருக்கிறார்கள். திரையை மாட்டினேன். இனிமேல் அந்தப் பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது, அங்கே தீப்பிடித்தாலும் வராது என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு வாரம் தாங்குமா?" என்றார். ஒன்பது நாள் தாங்கியது. தாங்காமல் இருந்திருக்கலாம்.

பத்தாம் நாள் காலை, மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்று. வீடு மாற்றிப் போகிற ஒருவருடையது. வாசலில் சாமான் லாரி நின்று ஹாரன் அடித்தது. எல்லா வேலையும் முடிந்து, சோபாவின் அடிப்பக்கத்தை மூடுகிற அடித்துணி மட்டும் பாக்கி. சோபாவை முதுகுப் பக்கமாகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. முன்பு ஒரு கத்திரி சோபாவுக்குள் போய் ஒருத்தர் இடுப்பைக் குத்தியதிலிருந்து, அடித்துணி அடிப்பதற்கு முன் தம்பி உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும், அண்ணன் மூட வேண்டும்.

திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அவ்வளவு நல்ல தையலிலும் அது மட்டும் எப்படியோ இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். தாதா நிதானமாக நடந்து வந்து, சாய்ந்து கிடந்த சோபாவின் அடிவழியாக நுழைந்து, கைப்பிடிக்குள் இருக்கிற பொந்தில் புகுந்தது. வால் நுனி கடைசியாக உள்ளே போனது.

பெரியவர் அப்போது லாரிக்காரனிடம் "வர்றோம்ப்பா, வர்றோம்" என்று கத்திக்கொண்டிருந்தார். சின்னவர் அடுத்த சோபாவின் உறையில் குனிந்திருந்தார். பெரியவர் துணியை விரித்துக்கொண்டே சொன்னார்:

"டேய் தாதா, சித்தப்பாகிட்ட கேளு, உள்ள பாத்தாச்சா? கத்திரி கித்திரி கெடக்கப் போகுது."

சின்னவர் திரும்பாமலே, "கத்திரி என் கையிலதான் இருக்குன்னு சொல்லு பெரியப்பாகிட்ட," என்றார்.

இரண்டு பேரும் பூனை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதனிடம் பேசிப் பேசி, அது இல்லாமலே அதனிடம் பேசப் பழகிவிட்டார்கள்.

டக். டக். டக்.

திரையை விலக்கி "ஏங்க, பூனை!" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். எனக்குத் தொண்டைவரை வந்தது. அப்போதுதான் அந்தத் திரையின் விளிம்பு கையில் பட்டது. என்ன அழகான மடிப்புத் தையல். கேட்டால்தானே சொல்வதற்கு, என்று நினைத்துக்கொண்டேன். அடிக்கிற சத்தத்தில் அதுவே வெளியே குதிக்கும், அண்ணனும் தம்பியும் அலறுவார்கள், வேடிக்கையாக இருக்கும் என்றும் நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கியது. இறக்கிவைத்துத் துடைத்துவிட்டு வந்தபோது லாரி இல்லை.

மத்தியானம் தட்டு வைத்தபடி இருந்தது. "தாதா, டேய் தாதா," என்று சின்னவர் கூப்பிட்டார். மூன்று மணிக்குப் பெரியவரும் சேர்ந்துகொண்டார். ஒருவர் மதில் பக்கம், ஒருவர் சந்துப் பக்கம். நான் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, ஐந்து மணிக்குக் கீழே இறங்கினேன். அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள்.

"ஏம்மா," என்றேன், "காலையில போச்சே அந்த சோபா, அதுக்குள்ள கிதுக்குள்ள போயிருக்குமோ? சும்மா தோணுச்சு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் பெரியவர் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். அதைப் பார்க்க நான் எத்தனை நாள் ஜன்னலில் நின்றிருப்பேன்! அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

சோபாவை வாங்கிப் போனவர் வழியெல்லாம் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலைதான் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். அவர் கத்தியால் அடித்துணியைக் கீறியிருக்கிறார். "என்னங்க இது, ஏதோ கம்பளி உருண்டை மாதிரி... ஐயோ!" என்று ஒரு சத்தம், ஏதோ உடைகிற சத்தம், ஒரு பெண் கூச்சல். "கதவு தெறந்திருந்துதுங்க. போயிடுச்சு. மாடிப்படி எறங்கி ரோட்டுல ஓடிடுச்சு."

"அடி பட்டிருக்கா?" என்று அண்ணி கேட்டாள்.

"தெரியலம்மா. அது ஓடுன வேகத்துல ஒண்ணும் தெரியல."

அரை நாள் பயணம் அந்த ஊர். அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போனார்கள். பின் கன்னையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் அண்ணி சொன்னாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வராத பூனை, கன் சத்தம் கேட்டால் வீடு என்று நினைத்து வருமாம். தெரியாத தெருக்களில், கன்னில் பின் இல்லாமல், டக் டக் என்று அடித்துக்கொண்டே இரண்டு நாள் நடந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார்களாம். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்களாம். ஒரு குப்பைத்தொட்டி பக்கம் காது வெட்டிய பூனை நின்றதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் அது பெண் பூனை. அந்த ஊரிலும் யாரோ பிடித்து வெட்டிவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பினார்கள். நான் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போனவள், வாசலிலேயே நின்றுவிட்டேன். சின்னவர் தரையில் உட்கார்ந்து அந்தச் சாக்கட்டிக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய தாதாவா இருந்தா மொத பின்னுக்கே கிழிச்சுக்கிட்டு வந்திருக்கும் அண்ணி," என்றார். "ஒரு சத்தம், ஒரு சீறல் இருந்திருக்கும். நாமதான் அத வெட்டி, ஒண்ணுமில்லாம ஆக்கிட்டோம். கோவம்னு ஒண்ணு இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்."

பெரியவர் கையிலிருந்த கன்னைப் பலகையில் வைத்தார்.

"ஆபரேஷனால இல்லடா," என்றார்.

'டா' என்றார். தம்பியிடம். இடையில் பூனை இல்லை, மனைவி இல்லை, பலகை இல்லை.

"அது நம்ம சத்தம்னு நெனச்சுத்தான் சும்மா இருந்திருக்கு."

சின்னவர் கடைசிக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே, "ஆமாண்ணே," என்றார்.

நான் பிளாஸ்க்கை வாசலிலேயே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மெஷின் இப்போது வெளியே பார்த்துத் திரும்பியிருக்கிறது. பேசுகிறார்கள். அதிகமில்லை, வேலைப் பேச்சுதான்; சண்டைகூடப் போட்டார்கள் ஒரு தடவை, சுத்தியல் பறக்கவில்லை. தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். பூனை போனாலும் அண்ணன் தம்பி சேர்ந்தார்களே என்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. சின்னவர் இன்னமும் மத்தியானம் தட்டு வைக்கிறார். வேறு ஏதோ ஒரு வெள்ளைப் பூனை வந்து தின்றுவிட்டுப் போகிறது. அதற்கு அவர் பேர் வைக்கவில்லை.

அண்ணி என்னிடம் இப்போது பிரியமாக இருக்கிறாள். அதுதான் கஷ்டம். "நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலன்னா, அது எங்க போச்சுன்னே தெரிஞ்சிருக்காது அக்கா," என்றாள். ஒருநாள் சின்னவரும் படியில் என்னை நிறுத்திக் கேட்டார். "அதெப்படிக்கா கரெக்டா சோபாவுக்குள்ளன்னு சொன்னீங்க?"

"சும்மா ஒரு யோசனைதாம்ப்பா," என்றேன்.

திரையைக் கழற்றிவிடச் சொல்லி அண்ணி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். வெளுத்துப்போச்சு, வேறு தைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அந்த இரண்டு விரல் இடைவெளியை ஒரு ஊசி குத்தி மூடிவிட்டேன். பார்ப்பதில்லை. ஆனால் காதை என்ன செய்வது? வாரத்துக்கு மூன்று சோபா முடிகிறது. ஒவ்வொரு தடவையும், அடித்துணி அடிப்பதற்கு முன், பெரியவரின் குரல் நேராகத் தம்பிக்குப் போகிறது.

"உள்ள பாத்தியாடா?"

"பாத்துட்டேண்ணே."

"நல்லா?"

"நல்லா பாத்துட்டேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. யாரோ இன்னொருவரும் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பது மாதிரி. கரண்டியைப் பிடித்துக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன். நானும் பார்த்தேன் என்று வாய்வரை வரும். அதற்குள் முதல் பின் விழுந்துவிடும்.